முழங்கால் தளர்ந்தோர்க்கு நீச்சற் பயிற்சி

(போடிநாயக்கனூரில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



தேகாரோக்கிய சம்பந்தமாக ஏதேனும் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டபோது, எந்த விஷயத்தை எடுத்துக்கொள்வதென்று நாம் அதிகமாக யோசிக்க நேரவில்லை. நீரிழிவைப் பற்றியும் இரத்தக்கொதிப்பைப் பற்றியும் இச்சங்கத்தில் வைத்தியர்கள் பேசிவிட்டார்கள். ஆனால் இவ்வூரிலே வீட்டுக்கு ஒருவர் வீதம் சொல்லி வருந்துகிற ஒரு பிணியைப் பற்றி மாத்திரம் இதுவரையில் யாரும் வாய்திறக்கவில்லை. அது முழங்கால் நோவு. உயிரைக் கொண்டுபோகிற நோயன்று என்பதனாலே அதை ஒருவரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை போலும். உயிரை விட்டுவைத்து நடையைக் கொண்டுபோகிற நோய் அது. கோயிலுக்குப் போவதும், கடைக்குப் போவதும், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவதும் ஒவ்வொன்றாய் நின்றுபோன பிறகு மிஞ்சுவது திண்ணையும் தைலப் புட்டியுமே.

நாம் வைத்தியர் அல்லோம். வைத்தியர்கள் ஆராய்ந்து எழுதியவற்றை வாசித்தும், இவ்வூர் மூத்தோர் படும் சிரமத்தைக் கண்ணாரக் கண்டும் அறிந்தவற்றையே சொல்லப் புகுந்தோம்.

சித்த வைத்திய நூலார் இந்நோயை அழற்கீல்வாயு என்பர். மேல்நாட்டு வைத்தியர் மூட்டுத் தேய்வு என்பர். இந்தியாவில் பல இடங்களிலும் ஐயாயிரம் பேரைச் சோதித்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நூற்றுக்கு 28.7 பேருக்கு முழங்காலில் இத்தேய்வு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். ஸ்திரீகளை மாத்திரம் தனியே எண்ணினால் அது 31.6 ஆகிறது. இது பொதுவாகத் தேச முழுமைக்கும் எடுத்த கணக்கு. மலையடிவாரத்தில் வாழ்ந்து மலையில் வேலைசெய்கிறவர்களை மாத்திரம் தனியே எண்ணிப் பார்ப்பார் உண்டாயின் என்ன தொகை வருமோ, நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஏனெனில் நம்முடைய ஊர் முழங்காலைக் கொண்டு பிழைக்கும் ஊர். முந்தலிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டையூசி வளைவுகளோடு ஏறும் பாதையில் இன்றைக்கு ஜீப்பும் பஸ்ஸும் போகின்றன. குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறிய முன்னோர்க்கு அந்தச் சௌகரியம் ஏது? 1902ஆம் ஆண்டில் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் ஏற்பட்டது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அப்பால் வண்டியேறிப் போடிக்கு வந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. பெட்டிகளுக்காவது சில காலம் கம்பிவடம் இருந்தது. ஆட்களுக்கு முழங்கால்தான் இருந்தது.

தேயிலையைக் காட்டிலும் ஏலக்காய் இவ்விஷயத்தில் கொடியது. தேயிலைக் கொழுந்தை நின்றுகொண்டு கிள்ளலாம். ஏலச்செடி ஆளுயரத்துக்குமேல் வளர்ந்து நின்றாலும், காய் பிடிக்கும் சரமோ செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாய்க் கிடக்கிறது. ஆகையால் காயெடுக்கிற பெண் ஒவ்வொரு தூரடியிலும் குந்தவேண்டும். குந்தினபடியே நகரவேண்டும். நகருகிற இடம் சமதரையன்று, ஈரச்சருகு மூடிய மலைச்சரிவு. காய் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை என்பதனால், ஒரே செடியண்டை மாதத்துக்கு ஒருமுறை, நாற்பது நாளைக்கு ஒருமுறை என்று ஆடியிலிருந்து தை மாதம் வரையில் திரும்பத் திரும்பப் போய்க் குந்தவேண்டியிருக்கிறது. பச்சைக்காய் உலர்ந்து ஊருக்கு இறங்கி வந்த பிற்பாடும் இந்தக் குந்துதல் முடிந்தபாடில்லை. கிட்டங்கிகளில் காயைச் சுத்தஞ்செய்து தரம்பிரிக்கிற பெண்கள் காலை மடக்கித் தரையிலே உட்கார்ந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் காலை நீட்டுகிறார்கள். இப்படி இருபது முப்பது வருஷம் உழைத்த முழங்கால் நாற்பத்தைந்து வயதில் முறுமுறு என்று சப்தமிட ஆரம்பித்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

வியாபாரிகளாகிய நம்மவரின் முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பட்சபாதமாகும். ஏலக்கூடத்திலே கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் அமர்ந்து விலை கேட்கிறவர்களுக்கு வேலையினால் முழங்கால் தேய்வதில்லை; வயிற்றின் பாரத்தால் தேய்கிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் வைக்கிற ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் நான்கு கிலோ பாரம் குறைகிறதென்று அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டில் அளந்து சொன்னார்கள். நான்கு பங்கு வட்டி கொடுக்கும் முதலீடு வேறெங்கும் உண்டோ என்று நம் வியாபாரிகள் யோசித்துப் பார்க்கட்டும்.

முழங்காலின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொண்டால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். தொடையெலும்பும் கணைக்காலெலும்பும் ஒன்றோடொன்று நேரே உரசாதபடி அவற்றின் முனைகளைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இக்குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. அப்படியானால் அதற்கு ஆகாரம் எங்கிருந்து வருகிறது? மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பான நீரிலிருந்து வருகிறது. பஞ்சை அமுக்கினால் நீரை உமிழ்ந்து, விட்டால் உறிஞ்சிக்கொள்வதுபோல, கால் அசையும்போது குருத்தெலும்பு அமுங்கியும் தளர்ந்தும் அந்நீரைக் குடிக்கிறது. கால் அசையாவிட்டால் அதற்குப் பட்டினி. இதைத்தான் அநேகர் அறிவதில்லை. வலிக்கிறதே என்று காலை நீட்டிப் படுத்துவிடுகிறார்கள். படுத்தால் தொடைத்தசை இளைக்கிறது. தசை இளைத்தால் மூட்டைத் தாங்குவதற்கு ஆள் இல்லை. தாங்காவிட்டால் இன்னும் வலிக்கிறது. வலித்தால் மறுபடி படுக்கை. இந்தச் சக்கரத்தில் அகப்பட்டுக்கொண்டவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் நடக்கலாமே என்று கேட்பீர்கள். நடக்கக்கூடியவர்கள் அவசியம் நடக்கவேண்டும். ஆனால் ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், செயற்கை மூட்டு வைத்துக்கொண்ட சிலருடைய முழங்காலுக்குள்ளேயே அளவுகருவியை அமைத்து, 2010ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டின்மேல் விழும் பாரம் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல். படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஓர் அம்மாள் படியிறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒற்றை முழங்கால் இருநூறு கிலோவைத் தாங்குகிறது என்றாகிறது. ஏறும்போது மூச்சு வாங்குவதும் இறங்கும்போது முட்டி நோவதும் மலைக்காரர்கள் எல்லாரும் அநுபவத்தில் அறிந்ததே. இவர்கள் அதற்குத் தொகை சொன்னார்கள்.

ஆகவே முழங்கால் தளர்ந்தவருக்கு வேண்டுவது இரண்டு. கால் அசையவும் வேண்டும். அசையும்போது பாரம் விழாமலும் இருக்கவேண்டும். தரையிலே இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை. ஜலத்திலே இவ்விரண்டும் கூடிவருகின்றன.

நீரில் அமிழ்ந்த பொருள் தான் ஒதுக்கிய நீரின் எடையளவு மேல்நோக்கித் தாங்கப்படுகிறது என்று ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்து இரண்டாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு மேலாயிற்று. அந்தச் சூத்திரம் கப்பலுக்கு மாத்திரம் ஏற்பட்டதன்று. நம்முடைய முழங்காலுக்கும் ஏற்பட்டதே. இடுப்பளவு நீரில் நின்றால் காலின்மேல் விழும் பாரம் ஏறக்குறையப் பாதியாகிறது. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு. மேலே சொன்ன அறுபது கிலோ அம்மாள் கழுத்தளவு நீரில் நிற்கும்போது அவர் காலுக்கு அவர் ஆறு கிலோ. கைக்குழந்தையின் கனந்தான். மல்லாந்து மிதந்துவிட்டாலோ அதுவும் இல்லை. அதே சமயத்தில் நீர் சும்மா இருப்பதுமில்லை. காலை வீசினால் எதிர்த்து நிற்கிறது. மெல்ல வீசினால் மெல்லவும், வேகமாய் வீசினால் வலுவாகவும் எதிர்க்கிறது. நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. நோயாளியின் சக்தியறிந்து இத்தனை மரியாதையாக நடந்துகொள்ளும் தேகப்பயிற்சி ஆசான் வேறொருவர் கிடைப்பாரென்று நமக்குத் தோன்றவில்லை. நீரின் அமுக்கத்தால் காலில் கட்டிய வீக்கம் வடிவதும் உண்டு.

அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்பவரை நம்மிற் சிலர் அறிந்திருப்பார்கள். அவருக்கு 1921ஆம் ஆண்டில், முப்பத்தொன்பதாவது வயதில், இளம்பிள்ளைவாதம் கண்டு இரு கால்களும் விழுந்துவிட்டன. 1924ல் ஜார்ஜியா மாகாணத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் வெந்நீரூற்றுக்குப் போனார். தரையிலே நிற்கமாட்டாத அவர் அந்த ஜலத்தில் நிற்கக் கண்டார். கால் முழுதும் திரும்பி வந்துவிட்டதென்று கதை கட்டுவார் உளர், அது மெய்யன்று. ஆயினும் தமக்குக் கிடைத்த சுகம் பிறருக்கும் கிடைக்கவேண்டுமென்று அவ்விடத்தைத் தாமே விலைக்கு வாங்கி, 1927ல் தர்மஸ்தாபனம் ஒன்று ஏற்படுத்தினார். அவர் நோய் வேறு, நம் முழங்கால் நோய் வேறு. ஆனால் நிலம் கைவிட்ட காலை நீர் தாங்கும் என்பது இரண்டுக்கும் பொது.

முழங்கால் தேய்வுக்கே இதைச் சோதித்துப் பார்த்ததுண்டா என்றால், உண்டு. உலகத்தில் பல இடங்களில் நடந்த பதின்மூன்று ஆய்வுகளை, 1190 பேருடைய விவரத்தோடு, காக்ரேன் என்னும் வைத்திய ஆராய்ச்சிச் சங்கத்தார் 2016ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு நீரில் செய்யும் பயிற்சியால் நோவும் முடக்கமும் சிறிதளவு குறைகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. சிறிதளவு என்னும் வார்த்தையை நாம் வேண்டுமென்றே சொல்லுகிறோம். ஒரே மாதத்தில் மூட்டைப் புதுப்பிப்பதாகச் சந்தையில் தைலம் விற்கிறவன் சொல்லட்டும்; தேய்ந்த குருத்தெலும்பு நீந்துவதனால் வளர்ந்துவிடாது. அந்தப் பயிற்சிகளும் பெரும்பாலும் நீரில் நின்றும் நடந்தும் செய்தவையே. நீச்சலையே தனியாக எடுத்து அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையார் அதே 2016ல் ஒரு சோதனை வெளியிட்டிருக்கிறார்கள். மூட்டுத் தேய்ந்த நடுத்தர வயதினரும் முதியோருமான 48 பேரில் ஒரு சாராரை நீந்தவும் மற்றொரு சாராரைச் சைக்கிள் மிதிக்கவும் செய்தார்கள்; வாரம் மூன்று நாள், தினம் முக்கால் மணி, மூன்று மாதம். இரு சாராருக்கும் வலி குறைந்தது, விறைப்புக் குறைந்தது, காலில் வலுவும் ஏறிற்று. சைக்கிளைவிட நீச்சல் மேலென்று அதனால் ஏற்படவில்லை. சைக்கிளில் ஏறி இறங்கவே முடியாதவர்க்கு நீச்சல் அதற்கு ஈடு என்று ஏற்பட்டது. நமக்கு அது போதும்.

நீச்சல் என்றவுடன் நம்மவர் சாகசத்தையே நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 2019ல் கடலே இல்லாத நம் தேனி ஜில்லாவிலிருந்து பத்து வயதுச் சிறுவன் ஒருவன் போய்த் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரையில் நீந்தினான். கேட்க நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுபது வயது அம்மாள் ஒருவர் நாலடி ஆழத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அசைப்பதும் நீச்சலே.

இனி, எந்த நீச்சல் என்பது முக்கியம். நம் தோட்டத்துக் கிணறுகளில் சுரைக்குடுக்கையையோ டியூபையோ முதுகில் கட்டிக்கொண்டு கற்றவர்கள் பெரும்பாலும் அறிந்தது நாய் நீச்சலும் தவளை நீச்சலும். முழங்கால் நோவு உள்ளவர்க்குத் தவளை நீச்சல் ஆகாது. அதில் கால் இரண்டையும் மடக்கி வெளிப்புறமாக விரித்துச் சாட்டைபோல் உதைக்கிறோம். அந்த உதையிலே முழங்காலின் உட்புறத்து நாண் இழுபடுகிறது. பந்தய நீச்சற்காரர்களுக்கே இதனால் ஒரு தனி முழங்கால் நோவு வருகிறதென்று மேல்நாட்டு வைத்தியர் அரை நூற்றாண்டாக எழுதி வருகிறார்கள். நல்லகாலுக்கே அப்படியென்றால் தேய்ந்த காலுக்குச் சொல்லவேண்டுமா? மல்லாந்து மிதந்துகொண்டு, முழங்காலை மடக்காமல் தொடையிலிருந்தே காலைச் சிறிதுசிறிதாக மேலும் கீழும் தட்டுவது உத்தமம். குப்புறப் படுத்துக் கைமாற்றிக் கைவீசிச் செல்லும் நீச்சலும் நல்லதே. அதிலும் கால் உதை சிறியதாயிருக்கவேண்டும். நீந்தவே தெரியாதவர்கள் மார்பளவு நீரில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னே நீட்டி மடக்கலாம். முதல் இரண்டு வாரம் பத்து நிமிஷத்துக்குமேல் வேண்டாம். பிறகு வாரம் மூன்று நாளாக, இருபது நிமிஷம், அரைமணி என்று ஏற்றிக்கொள்ளலாம். பயிற்சி செய்த மறுநாளும் வலி மிகுதியாக நின்றால், செய்தது அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளவேண்டுமேயன்றி விட்டுவிடக்கூடாது. குளிர்ந்த நீரில் மூட்டு விறைக்கும். ஆகையால் மார்கழிப் பனியில் விடியற்காலத்து நீச்சலைச் சிறுவர்களுக்கு விட்டுவிட்டு, வெயில் ஏறியபின் இறங்குவது புத்திசாலித்தனம்.

சிலர் வைத்தியரைக் கேளாமல் இறங்கலாகாது. வலிப்புடையோர், இருதய நோயுடையோர், இரத்தக்கொதிப்பு அடங்காதவர், நீரிழிவினால் பாதத்தில் புண் உள்ளவர் ஆகியோர் இவ்வகையினர். முழங்கால் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கிக் காய்ச்சலும் காணுமாயின் அது தேய்வன்று. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இவ்வளவும் சரி, எங்கே போய் நீந்துவது? இங்கேதான் நாம் இன்று பேச வந்த காரியமே இருக்கிறது.

நீருக்குக் குறைவான ஊர் அல்ல நம்முடையது. வைகைக்குப் போய்ச்சேரும் கொட்டகுடியாறு ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது, கண்மாய்கள் உண்டு, தோட்டந்தோறும் கிணறு உண்டு. ஆனால் முழங்கால் நொந்தவருக்கு இவற்றில் ஒன்றும் உதவாது. கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் ஒவ்வொன்றாய்க் கால்மாற்றி இறங்கவேண்டும், ஏறவும் வேண்டும். நீரில் அரைமணி நேரம் பெற்ற சுகத்தை அந்தப் படிக்கற்கள் அரை நிமிஷத்தில் பறித்துக்கொள்ளும். கிணற்றில் நிற்பதற்குத் தரையுமில்லை. மோட்டார்க் கம்பி வேறு தொங்குகிறது. ஆழ்குழாய் வந்தபின் பல கிணறுகளில் நீரும் இல்லை. கண்மாயிலோ கரையோரம் சேறு. உள்ளே வண்டல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆற்றிலே பாசி படர்ந்த பாறை. மலையில் பெய்த மழை ஊரில் தெரியாது, வெள்ளம் வந்த பிறகே தெரியும். 2021ஆம் ஆண்டில் உலகமெங்கும் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கெடுத்திருக்கிறார்கள். முழங்காலைக் காப்பாற்றப் போய் உயிரை இழப்பதற்கு வழிசொல்ல நாம் இங்கே வரவில்லை. நீந்தத் தெரிந்தவராயினும் தனியாக இறங்கலாகாது.

மதுரையில் ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கத்தில் நல்ல நீச்சற்குளம் உண்டு. 1928ல் நமதூருக்கு முதன்முதல் வந்து, யுத்த காலத்தில் நின்று, பிறகு மீண்டும் ஓடி, அகலப் பாதைக்காக 2010ஆம் ஆண்டு முடிவில் மறுபடி நின்றுபோன இரயில், 2023 ஜூன் 15ஆந் தேதி திரும்பி வந்ததும் சந்தோஷமே. ஆயினும் வாரம் மூன்று நாள் மதுரைக்கு இரயிலேறிப் போய் முழங்காலை நனைத்து வருவதென்பது காரியத்துக்கு ஆகுமா? ஜீப்பிலே மலையேறிப் பொழுதுசாய்ந்து வீடு திரும்புகிற பெண்ணுக்கு அது கனவிலும் ஆகாது.

ஆகையால் நமதூரிலேயே ஒரு சிறு குளம் வேண்டும் என்பது நம் விண்ணப்பம். பந்தயக் குளம் அல்ல. ஆழம் மூன்றரை அடியில் தொடங்கி நாலரை அடிக்குமேல் போகவேண்டாம். இறங்குவதற்குப் படிக்குப் பதிலாக மெல்லச் சரிந்த தளமும், இருபக்கமும் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும், வழுக்காத தரையும் வேண்டும். நீரைச் சுத்தி செய்யும் யந்திரமும், எந்நேரமும் கரையில் ஒரு காவலாளும் இன்றியமையாதவை. இவ்விரண்டுக்கும் மாதாமாதம் செலவு உண்டு. கட்டுவது சுலபம், நடத்துவது கஷ்டம். திறப்பு விழாவுக்குப் பின் பாசி பிடித்துப் பூட்டிக்கிடக்கும் குளங்களைப் பிற ஊர்களில் பார்த்திருக்கிறோம். நடத்துவதற்கு நிதி இல்லாவிட்டால் கட்டாமலிருப்பதே மேல்.

ஸ்திரீகளுக்குத் தனி நேரமும், பயிற்றுவிக்க ஒரு பெண்மணியும் அவசியம். நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்ததே. நீர்விளையாட்டு நமக்குப் புதிதன்று. வைகைப் புனலாட்டைப் பாடுவதற்கென்றே பரிபாடலில் தனிப் பாட்டுகள் இருக்கின்றன. அதில் ஆடினவர்கள் ஆண்கள் மாத்திரமல்லர். சேலையோடு ஆழத்தில் இறங்குவது ஆபத்து. அது காலைச் சுற்றிக்கொள்ளும். முழுக்கையும் முழுக்காலும் மூடிய நீச்சலுடைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அடக்கத்துக்கும் குறைவில்லை, அபாயமும் இல்லை. அதிகமாக முழங்கால் தேய்ந்தவர்கள் அவர்களே என்றிருக்க, அவர்களுக்குப் பயன்படாத குளத்தை யாருக்காகக் கட்டுவது?

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். சங்கம் கட்டுகிற குளமாயின் சங்கத்தாருக்கு மாத்திரம் என்று ஒரு பேச்சு எழும் என்பதை நாம் அறிவோம். அப்பேச்சுக்கு நாம் உடன்படோம். 1927ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆந் தேதி மகாட் என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கர் குளத்து நீரை ஒரு கை அள்ளிப் பருகுவதற்கு எத்தனை ஆயிரம் பேரோடு நடந்துபோகவேண்டியிருந்தது! சட்டப்படி எல்லாருக்கும் முன்னமே திறந்துவிட்ட குளம் அது. கிணறு, குளம், ஸ்நான கட்டம் ஆகியவற்றில் ஜாதியைச் சொல்லி ஒருவரைத் தடுக்கலாகாது என்று நமது அரசியல் சாசனத்தின் பதினைந்தாவது பிரிவு 1950 முதல் விதித்திருக்கிறது. சங்கத்தின் சொந்தக் குளத்துக்கு அவ்விதி எவ்வளவு தூரம் செல்லும் என்று வக்கீல்கள் வாதிக்கலாம். நமக்கு அந்த வாதம் வேண்டாம். நம் கிட்டங்கியில் காய் பொறுக்கித் தேய்ந்த முழங்கால் எந்த ஜாதி முழங்கால்? ஏலக்காயிலே லாபம் கண்ட சங்கம், ஏலக்காயிலே காலை இழந்தவர்களுக்குக் கதவைச் சாத்துமானால், அந்தக் குளத்துக்கு நம் பெயரில் ஒரு ரூபாயும் எழுதவேண்டாம்.

குளம் வருகிற வரையில் சும்மா இருக்கவேண்டுமென்பதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரையில் நிறுத்தி மெல்ல இறக்குவது. இப்படிக் காலுக்குப் பத்துமுறை, காலையும் மாலையும். இது நீந்துகிறவர்களுக்கும் வேண்டும். ஏனெனில் நீர் பாரத்தைச் சுமந்துகொள்வதனாலேயே எலும்புக்கு வேண்டிய உறுதியை அது தருவதில்லை, அதற்குத் தரையில் நின்று செய்யும் அப்பியாசமே வழி. கிட்டங்கி வைத்திருக்கிற நம் கனவான்கள் தரம்பிரிக்கும் பெண்களுக்கு உயரமான மேஜையும் முதுகு சாயும் நாற்காலியும் போட்டுக்கொடுத்து, மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கவிட்டால் அதற்குச் சங்கத் தீர்மானம் ஒன்றும் தேவையில்லை. நாளைக் காலையிலேயே செய்யலாம்.

குளத்துக்கு இடம் தரக்கூடியவர்களும், மாதச் செலவில் பங்கேற்க இசைபவர்களும், வேண்டாமென்று கருதுபவர்களுங்கூட, தங்கள் அபிப்பிராயத்தைக் காரணத்தோடு எழுதி அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகக் காரியதரிசி அவர்களிடம் சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். ஸ்திரீகள் தாங்களே எழுதுவார்களாயின் அவற்றை முதலில் வாசிக்கவேண்டும் என்பதும் நம் கோரிக்கை.